ஏழாவது சர்வரில் ஒட்டியிருந்த காகிதம்

மார்ச் 4

இன்று என் பெயரை முழுதாக எழுதினேன். முதியோர் வகுப்பு டீச்சர், "பரவாயில்லையே ஐயா!" என்றார். வீட்டில் இவளிடம் காட்டினால், "நாலு எழுத்து வந்ததும் தலைகால் புரியல உங்களுக்கு" என்கிறாள். புரியவில்லைதான். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லவில்லை. பதிவேட்டில் கைநாட்டுதான். எழுத்து அழகானதும் காட்டலாம்.

மார்ச் 6

சர்வர் அறையைத் துடைக்கும்போது கம்ப்யூட்டர் பார்க்கும் கண்ணாடி மேடம் தலைநிமிரவே இல்லை. பன்னிரண்டு சர்வர். ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் உருவமில்லாமல் ஓடுகிறதாம்!

"ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி செட்டிங் வச்சிருக்காங்க பெரியவரே. ஒண்ணாவதுல இருக்கறத எடுத்து, திருத்தி, ஒரே ப்ரொஃபைலா எல்லாத்துக்கும் போட்டுடப் போறேன்."

"பன்னெண்டு பிள்ளைக்கும் ஒரே அளவு சட்டையா?"

"சட்டை இல்ல, ஒழுக்கம்!" சிரித்தார்.

மார்ச் 9

காலையிலிருந்து ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுகூட வார்டுக்குப் போகவில்லை. இரண்டு ஆபரேஷன் தள்ளிப்போனது. புது ப்ரொஃபைல் போட்டதும் ஏழாவது சர்வர் யாரோடும் பேச மாட்டேன் என்கிறதாம்.

"ஏழாவதுக்கு நெட்வொர்க் வேறன்னு அதுமேலயே ஒட்டியிருந்ததே! கண்ணு தெரியாதா?" என்று மேனேஜர் கத்தினார்.

"ஒண்ணும் ஒட்டல சார்."

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றேன்.

மார்ச் 10

விசாரணை முடியும்வரை மேடம் வரக் கூடாதாம்.

நான் எழுதிப் பழகுவது ஆபீஸ் குப்பைக் காகிதங்களின் பின்பக்கத்தில். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் புரட்டினேன். ஒன்றில் காய்ந்த பசை. எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "சர்வர் 7. நெட்வொர்க் வேறு. மற்றவற்றோடு சேர்த்து மாற்றாதீர்கள்."

பிய்த்தது நான். வகுப்பில் சேருவதற்கு முன்னால். பாதி உரிந்து தொங்கியது, குப்பை என்று நினைத்தேன். அப்போது அது எனக்கு வெறும் கறுப்புக் கோடு.

இவளிடம் சொன்னேன். "வாயை மூடிக்கிட்டு இருங்க. இது போச்சுன்னா இந்த வயசுல உங்களுக்கு யாரு வேலை தருவா?"

சரிதான். சரிதானா?

மார்ச் 11

காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

மார்ச் 13

காகிதத்தையும், நான் எழுதிய கடிதத்தையும் மேனேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "யாரு எழுதிக் குடுத்தது? அந்தம்மாவா? கைநாட்டு வைக்கிற ஆளு நீ" என்றார்.

ஐயோ, மேடம் தலையில் இன்னொரு பழியா?

"ஒரு பேப்பர் குடுங்க சார்."

நாலு வரி. அரை மணி நேரம். அடித்து அடித்து எழுதினேன். அவர் போனைக்கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பய்யா கத்துக்கிட்டே?"

அந்தக் கேள்விக்கு என் நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கங்கெட்ட நெஞ்சு.

மார்ச் 18

மேடம் திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் இருக்கச் சொல்லிவிட்ட என்னைப் போனில் கூப்பிட்டார். "அன்னிக்கே ஏன் சொல்லல பெரியவரே?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 20

தபால்காரர் ஓர் உறை கொடுத்தார். உறைமேல் என் பெயர். எனக்கென்று வந்த முதல் கடிதம். பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை. 'நீக்கப்படுகிறீர்கள்' என்று ஒரு சொல். எவ்வளவு நீளம்! ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன எழுதியிருக்கு?"

ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.