நான் பாடின ஹம்மிங்

புத்தூர், ஆவணி, ஞாயிறு ராத்திரி.

இந்த வாரமும் டிவியில் அந்தப் பாட்டுக்குத்தான் முதலிடம். இத்தனை தடவை முதலிடம் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை என்று அதைப் பாடின பாடகியம்மாவைப் புகழ்ந்தார்கள். ஆரம்பத்தில் வரும் ஹம்மிங்கை மட்டும் மெட்ராஸ் ஸ்டூடியோவில் நான் பாடினேன். கேசட்டில் என் பேர் இல்லை.

சாயந்திரம் பக்கத்து வீட்டு போனுக்குக் குவைத்திலிருந்து தம்பி பேசினான்.

"அக்கா, எங்க ரூம்ல எந்நேரமும் அந்தப் பாட்டுதான் ஓடிக்கினு கீது. மொதல்ல ஒரு ஹம்மிங் வருது பாரு, அத்தக் கேட்டா நம்ம ஊட்டு நெனப்பு வந்துடுது."

"அது நான் பாடினதுடா."

சிரித்தான். "போக்கா, அது அந்தம்மா கொரலு. கேசட்லயே போட்டுக்கீது."

பாடிக் காட்ட வாயைத் திறந்தேன். பக்கத்து வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சோறு துன்னியாடா?" என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

கோபம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். தூக்கம்தான் வருகிறது.