பதினோராவது கேள்வி

தாமலில் அம்மா வீட்டில் இருக்கும் என்னவளுக்கு,

சேலை நீ விட்டுப்போன இடத்திலேயே தறியில் நிற்கிறது. உடலோடு கரையை இணைக்கும் கோர்வை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உன் இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

செவிலிமேட்டில் நாம் நடந்து வந்தபோது உன் கழுத்தில் கத்தியை வைத்துச் சங்கிலியை அறுத்துப்போனார்கள். அதற்குப் பிறகு, தறியில் உன் கை திடீரென்று நடுங்கும். நூல் ஓட்டும் நாடா நழுவி விழும். "போனது சங்கிலிதானே, இன்னாத்துக்கு இப்படி பயந்துக்கினு இருக்கிற?" என்று அதட்டினேன்.

வழிப்பறிக்கு ஆளானவர்களின் மனநிலையை ஆராய்கிறேன் என்று காலேஜிலிருந்து ஒரு பெண் வந்தாளே. பத்துக் கேள்விக்கும் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். பதினோராவது கேள்விக்கு அவள் என்னைக் கையமர்த்திவிட்டு உன்னைப் பார்த்தாள்.

"எந்தச் சத்தம் கேட்டா தூக்கிவாரிப் போடுதுக்கா? பைக் சத்தமா?"

"பைக் இல்லமா. செருப்பு சத்தம். தூரமா ஓடிக்கினே போற செருப்பு சத்தம்."

அவள் எழுதிக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நான் எழுந்து செருப்பை மாட்டும்போதெல்லாம்தான் உன் கை நடுங்கியிருக்கிறது.

ஆள் கூட்டிவர ஓடினேன் என்று ஸ்டேஷனில் சொன்னேன். நீயும் தலையாட்டினாய். ஆள் கூட்டிவர ஓடவில்லை. உன்னை விட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

நேற்று உன் அம்மா வீட்டு வாசல் வரை வந்தேன். உள்ளே உன் குரல் கேட்டது. திரும்பும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அன்று உன்னோடு வந்தவன்