கோடையில் அளந்த நிலம்

அன்புள்ள உனக்கு,

இல்லை, நில அறிக்கையில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போனில் நீ கேட்டபோது தலைவலி, பிறகு பேசுகிறேன் என்றது பொய். பேசினால் நடுவில் நீ ஏதாவது சொல்வாய், நான் அத்தோடு நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வீட்டில் எல்லோரும் நலம். உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். நீ மாற்றலாகி வந்ததும் உன் மேசையை ஜன்னலோரம் போட வேண்டுமாம். தினமும் அந்த இடத்தைத் துடைக்கிறார். மேசை இன்னும் வாங்கவில்லை. வெறும் தரையைத் துடைக்கிறார்.

உங்கள் கம்பெனியின் கிடங்கு வளாகம் இங்கே வந்தால் நீயும் வருவாய். மூன்று வருடம் கழித்து ஒரே வீடு. அந்த நிலத்தில் 'நீர்நிலை இல்லை' என்று அரசுத் தரப்பில் முதல் அறிக்கை எழுதியவளும் நான்தான். ஏப்ரலில் அளந்தேன். வெடித்த தரை, வெள்ளைப் புழுதி, ஈரம் என்ற பேச்சே கிடையாது. பார்த்ததைத்தான் எழுதினேன்.

வியாழக்கிழமை கடைசிச் சரிபார்ப்புக்குப் போனேன். மழை நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. நிலத்தின் நடுவே போனதும் ஜீப்பின் பின்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. டிரைவர் குனிந்து பார்த்தார். "இல்லாத தண்ணியில வண்டி மாட்டிக்கிச்சுன்னு லாக் புக்குல எழுதிக்கவா மேடம்?" என்று கேட்டார்.

தண்ணீர் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. எந்த ஓடையும் அங்கே வந்து சேரவில்லை. ஏப்ரலில் நான் தாண்டித் தாண்டி நடந்த அதே வெடிப்புகள் முதலில் கறுத்தன. பிறகு மினுங்கின. பிறகு வெடிப்பே தெரியவில்லை. சத்தமில்லை. குச்சி நட்டு அளந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு விரற்கடை.

அங்கே ஆடு மேய்க்கும் ஓர் அம்மா இருக்கிறார். ரெண்டு மாசம் நிக்கும், அப்புறம் உள்ள போயிடும், மூணு ஊர்க் கிணறும் இதக் குடிச்சுத்தான் கோடையத் தாண்டுது என்றார். ஏப்ரலில் வந்தபோது இல்லையே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, ஆள் வெளிய போயிருக்கிற நேரமாப் பாத்துக் கதவத் தட்டிட்டு, இந்த வீட்டுல யாருமே இல்லன்னு எழுதிக்கிட்டுப் போவியா?"

உன் நினைவு வந்தது. நீயும் மூன்று வருடமாக வெளியே போயிருக்கிற ஆள்தானே.

வண்டியை இழுக்க டிராக்டர் வரும்போது இரவு ஒன்பது. அதுவரை பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று விளக்கை அணைத்திருந்தோம். என் கையே எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. நட்சத்திரம் என்றால் தலைக்கு மேலே இருப்பது என்று நினைத்திருந்தேன். இங்கே முழங்கால் உயரத்திலேயே தொடங்கின, நான்கு பக்கமும். அப்புறம் காலடியிலும். தண்ணீர் பரவப் பரவக் கீழே ஒன்று, ஒன்பது, பிறகு எண்ண முடியவில்லை. வானம் மண்ணிலிருந்து ஊறி வருகிறது என்றே தோன்றியது. பயந்தேன். அந்தப் பயம் போக வேண்டாம் என்றும் இருந்தது. நாள் முழுக்க வாய் ஓயாத டிரைவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நானும் கழற்றினேன்.

வளாகத்துக்காக நீ வரைந்த நாற்பது விளக்குக் கம்பங்களை நினைத்தேன். தாளில் நாற்பது சின்ன வட்டங்கள். ஒரு பிசிறு இல்லாமல் வரைந்திருந்தாய். இரண்டு மீட்டர் கிராவல் மண் கொட்டித் தரையை உயர்த்துவது என்றும் அதில் இருந்தது. உன் மேல் குற்றமில்லை. என் அறிக்கையை நம்பித்தானே வரைந்தாய்.

உண்மையை எழுதினால் வளாகம் வேறு ஊருக்குப் போகும். நீயும் அங்கே போவாய். இதை எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் விடை மாறவில்லை. உன் அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ போனில் சொல்லிவிடாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தண்ணீர் இன்னும் ஆறேழு வாரம் நிற்கும். நான்கு நாள் லீவு போட்டு வா. கோபத்தோடு வந்தாலும் சரி. பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதே, ஓர் இரவு நில். என்னோடு எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
உன்னவள்

பி.கு.: உறையை ஒட்டும் முன் இதைச் சேர்க்கிறேன். படிவத்தில் 'இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, 'உண்டு' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் இட்டேன். மூன்று மணிக்கு அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.