ஒரு மெஷினுக்கு ஒரே ஊர்

என் அன்புச் சண்டைக்காரி அம்மாவுக்கு,

அந்தக் கம்பெனி புது மெஷின் விட்டிருக்கிறது. திரை பெரிது, வேகம் அதிகம், விலையும் அதிகம். செய்தியைப் படித்ததும், "எம்மா, உங்காளு இன்னா பண்ணிக்கிறான் பாரு" என்று கூப்பிட வாயெடுத்துவிட்டேன். உன் அறைக் கதவு சாத்தியிருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

நம் வீட்டில் அந்தக் கம்பெனிக்குப் பெயரே கிடையாது. எனக்கு அது 'உங்காளு'. உனக்கு வெறும் 'அவன்'. வீடியோ கேம் மெஷின் செய்கிற ஒரு கம்பெனியைப் பற்றி ஓர் அம்மாவும் மகளும் வருடக்கணக்கில் வாதாடினார்கள் என்றால் திருவொற்றியூரில் யார் நம்புவார்கள்? நம்புகிறவர்கள் நம்பட்டும் என்றுதான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

எர்ணாவூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் எடைமேடைக் கூண்டில் உட்கார்ந்து, வருகிற டிரெய்லரையெல்லாம் எடை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவள் நீ. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. பூண்டு உரிக்கும், பழைய புடவையைத் தைக்கும், ஒன்றும் இல்லாவிட்டால் மேசையில் தாளம் போடும். அந்தக் கையைத்தான் சிறுநீரகம் கெட்டுப்போனபோது முதலில் கட்டிப்போட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் தண்டையார்பேட்டை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இடது கையில் இரண்டு ஊசி. நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. எதிர்ச் சுவரில் டிவி ஓடும். உனக்கு சீரியல் பிடிக்காது. நீ கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய்.

கிண்டி ஆபீசுக்கு மெட்ரோவில் போய்வரும்போது ஆட எனக்காக நான் வாங்கியது அந்தக் கம்பெனியின் கையடக்க மெஷின். ஒருநாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். நீ எட்டிப் பார்த்தாய். இரண்டு பக்கமும் இருக்கிற பிடிகள் கழன்று வரும் என்று காட்டினேன். வலது பிடியைக் கழற்றி உன் வலது கையில் கொடுத்தேன். திரையைச் சாப்பாட்டுப் பலகைமேல் நிற்கவைத்தேன். சிஸ்டர் வந்து ஊசிக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி ஆடுங்க என்று போனார்.

கைபேசி விளையாட்டுகளைச் சோதித்துக் குறை சொல்வதுதான் என் வேலை. அந்தப் பிடி கழன்று வருவது வெறும் வித்தை, அதில் உறுதி போய்விடும் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீயோ அரைமணி நேரம் ஆடிவிட்டு, "எனக்குன்னே செஞ்ச மாரி கீது" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்தது.

இவர்களுடைய மெஷினில் சக்தி போதாது, மற்றவர்களுடைய பெரிய பெட்டியில் காட்சி எவ்வளவு துல்லியம் தெரியுமா என்று நான் சொன்னேன்.

"உன் பெரிய பொட்டிய இந்தக் கட்டில் மேல வெக்க முடியுமா? முடியாதுல்ல. அப்பால இன்னாத்துக்கு அந்தப் பவரு?"

வந்து வருடங்களான விளையாட்டைக்கூட அதே விலைக்கு விற்கிறானே, இது அநியாயம் இல்லையா என்றேன். சரக்கு நன்றாக இருந்தால் அவன் ஏன் குறைக்க வேண்டும் என்றாய். நாம்தான் எதையும் குறைத்துக் கொடுத்தே பழகிவிட்டோமாம். நம் உழைப்பையும் சேர்த்துத்தான் நீ சொன்னாய் என்று எனக்குப் புரிந்தது.

எப்போதும் கம்பெனி பக்கம்தான் பேசுவாய் என்றும் இல்லை. அவர்களுக்கு இந்த ஊரில் சொந்தக் கடை கிடையாது, யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து விற்பதைத்தான் நாம் வாங்குகிறோம் என்று தெரிந்தபோது உனக்கு முகம் கறுத்துவிட்டது. "நம்ம ஹார்பர்ல எறங்காத சாமான் ஒண்ணு கீதா? அவனுக்கு மட்டும் இன்னா, நம்மள கண்ணுக்குத் தெரியலியா?" என்று கேட்டாய். பக்கத்துக் கட்டில் காசிம் பாய் அதற்குத் தலையாட்டினார். வண்ணாரப்பேட்டையில் துணி வியாபாரம் செய்த பெரியவர். உன் திரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவருடைய நான்கு மணி நேரமும் ஓடும்.

பிறகு அந்தப் பிடியில் பொம்மையை நடத்துகிற குச்சி பழுதானது. நீ தொடாமலே திரையில் உன் பொம்மை இடது பக்கம் நடந்து நடந்து கடலோரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். ரிச்சி தெரு ரிப்பேர் கடையில் மாற்றிக்கொடுத்தார்கள். சில மாதத்தில் மறுபடி நடக்க ஆரம்பித்தது. நான் சொன்னேனே என்று ஜெயித்த மாதிரி நின்றேன். நீ கோபப்படுவாய் என்று எதிர்பார்த்தேன். "நான் அசையாம கெடக்குறன், இவன் நிக்க மாட்டன்றான்" என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு, இந்தக் குறை செய்தவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று கேட்டாய்.

நம்முடைய பெரிய சண்டை ஊரைப் பற்றியதுதான்.

நீ ஆடியது ஒரே ஒரு விளையாட்டு. கடலோரத்தில் காலி நிலம். அதில் வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், மரம் நடலாம், ஆட்களைக் குடிவைக்கலாம். யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். எனக்கும் ஓர் ஊர் வேண்டும் என்று என் பெயரில் உள்ளே போனேன். இந்த மெஷினில் ஏற்கெனவே ஓர் ஊர் இருக்கிறது, அதிலேயே குடியேறுகிறீர்களா என்று கேட்டது. ஒரு மெஷினுக்கு ஒரே ஊர். தனி ஊர் வேண்டுமென்றால் தனி மெஷின் வாங்க வேண்டும். இது பச்சையான வியாபாரத் தந்திரம் என்று குதித்தேன். ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு மெஷின் விற்கத்தானே?

"ஒரே ஊருன்னாதான் சேந்து இருப்பாங்க. சொம்மா கத்தாத. வந்து என் ஊர்ல குந்து" என்றாய்.

முணுமுணுத்துக்கொண்டே வந்து உன் வீட்டுக்குப் பின்னால் ஒரு குடிசை போட்டேன். நான் ஆபீசில் இருக்கும்போது என் வாசலில் பூச்செடி நட்டுவைப்பாய். ராத்திரி வீட்டுக்கு வந்து மெஷினைத் திறந்தால் அது பூத்திருக்கும்.

என் ரத்தம் உனக்குப் பொருந்துகிறது, ஒரு சிறுநீரகம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன நாள் உனக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். ஒன்று இருந்தாலே எனக்குப் போதும் என்றும் சொன்னேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கயட்டி மாட்டுறதுக்கு நீ இன்னா அவன் செஞ்ச மெஷினா?"

விளையாட்டாகப் பேசாதே என்றேன். விளையாட்டு இல்லை என்றாய். "வேணாம் மலரு. எனக்கு இது போதும்." கொஞ்ச நேரம் கழித்து, புது மாடல் வரப்போகிறது என்றாயே, என்ன விலையாம் என்று கேட்டாய். பேச்சு முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, கைபேசியில் பார்த்து விலையைச் சொன்னேன். கொள்ளை அடிக்கிறான் என்றாய்.

அதன் பிறகும் பல தடவை கேட்டேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன், சித்தியை விட்டுப் பேசச் சொன்னேன். கம்பெனியைப் பற்றி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் வாதாடியவள், இதில் மட்டும் ஒரே சொல்லில் நின்றாய். அது பிடிவாதமா? எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமா? நீ எடுத்த முடிவு சரிதானா அம்மா? எத்தனையோ பேருடைய முடிவுகளை அலசுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உன்னுடைய அந்த ஒரு முடிவை மட்டும் என்னால் எந்தப் பக்கமும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. மற்றது உனக்கே தெரியும்.

காரியம் முடிந்த பிறகு காசிம் பாய் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தேன். இரண்டே மடக்கு குடித்துவிட்டு வைத்துவிட்டார். உன்னைப் போலவே அவருக்கும் தண்ணீர் அளவுதானே. "ஊரு எப்படிம்மா கீது?" என்றார். திருவொற்றியூரைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "தங்கச்சி ஊரும்மா" என்றார். உன்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

மெஷின் உன் ஆஸ்பத்திரிப் பைக்குள்ளேயே கிடந்தது. நான் தொடவில்லை. எனக்கு மெட்ரோவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகவே பிடித்திருந்தது. நீங்கள் எடுத்துக்கொண்டு போய் ஆடுங்கள் பாய் என்றேன். வேண்டாம் என்று எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்சம் நின்றார். மறுபடி கேட்டபோது வாங்கிக்கொண்டார்.

அடுத்த தடவை அவருக்கு டயாலிசிஸ் நடந்தபோது சொல்லிக்கொடுக்கப் போனேன். உன் கட்டிலில் வேறு யாரோ ஓர் அம்மா படுத்திருந்தார். பாய்க்கென்று தனி ஊர் ஆரம்பிக்க இப்போதாவது வழி இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். முடியவில்லை. உன் ஊரை அழித்தால்தான் அவருக்கு ஊர். இல்லையென்றால் நான் புது மெஷின் வாங்கி உன் ஊரை அதற்கு மாற்ற வேண்டும். பார்த்தாயா, கடைசியில் உன்னை வைத்தே எனக்கு இன்னொன்றை விற்கப் பார்க்கிறான் என்று உன்னிடம் சொல்லவேண்டியதை அவரிடம் சொன்னேன்.

"அழிக்காதம்மா. எனக்கு எதுக்குத் தனி ஊரு? தங்கச்சி ஊர்லயே ஒரு மூலையில வூடு கட்டிக்கிறன்" என்றார்.

கட்டிக்கொண்டார். இந்தக் கரையில் நீ நட்ட மரங்களுக்கு நடுவே இடமில்லை. அதனால் ஊருக்கு நடுவே ஓடுகிற ஆற்றுக்கு அந்தப் பக்கம். மீன் விற்க இந்தக் கரைக் கடைக்கு வரவேண்டுமென்றால் மலையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஒரு பாலம் போட்டால் போதும். ஆனால் பாலத்துக்கு முதலில் குடியேறியவர் மட்டும்தான் சம்மதம் கொடுக்க முடியும். எத்தனை பேர் வந்தாலும் அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முதல் ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டால்? முடியாமல் படுத்துவிட்டால்? இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து உருவாக்கிய ஒன்றில் யாருக்கும் இது தோன்றவில்லையா என்று பாயிடம் பொரிந்து தள்ளினேன். அவர் கோபப்படவில்லை. "யாரும் சாவ மாட்டாங்கன்னு நெனச்சிகினு செஞ்சிருப்பான்" என்றார்.

உன் பெயரில் நான் உள்ளே போனால் வேலை முடிந்துவிடும். அவருக்கும் அது தெரியும். ஒருதடவைகூடக் கேட்கவில்லை. வாரக்கணக்கில் மலையைச் சுற்றியே நடந்தார். மீன் பிடித்துக்கொண்டு வந்து விற்றுவிட்டு, மறுபடியும் சுற்றிக்கொண்டு போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் ஒருநாள் அவரிடமிருந்து மெஷினை வாங்கி உன் பெயரை அமுக்கினேன். கதவு திறந்தது. நீ வெளியே வந்தாய். அதே மஞ்சள் சட்டை, தூக்கிப் போட்ட கொண்டை. வாசலில் நின்று கையை உதறிக்கொண்டாய். பக்கத்து வீட்டுப் பொம்மை ஓடிவந்து, ரொம்ப நாளாக ஆளையே காணோமே, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டது.

காசிம் பாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசிக் கையை அசைக்கக் கூடாது, அதனால் கழுத்தை மட்டும்.

பிறகு உன்னை நடத்திக்கொண்டு போனேன். பாலத்துக்குச் சம்மதம் கொடுக்கவைத்தேன். எங்கே போடலாம் என்று கேட்டதற்குப் பாய், தங்கச்சி எங்கே போட்டிருக்கும் என்று பார் என்றார். நீ மீன் பிடிக்க உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போட்டேன். அடுத்த தடவை அவர் அதன்மேல் ஏறி இந்தக் கரைக்கு வந்தார். உன் வீட்டு வாசலில் ஒரு மீனை வைத்துவிட்டுப் போனார்.

இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். பார்த்தியா, ஒரே ஊரு இருந்ததாலதானே அந்த மனுசனும் நம்மகூட வந்து சேர்ந்தாரு என்பாய். இல்லை அம்மா. யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்த விதி மெஷின் விற்பதற்காகப் போட்ட விதிதான். அதற்குள் நாம் சேர்ந்து இருந்தது நம்முடைய குணம். அழிக்காதே என்று சொன்னது காசிம் பாய். அந்த நல்ல பெயரை நான் கம்பெனிக்குக் கொடுக்க மாட்டேன். பிடி கழன்று வருவதில் நீ சொன்னதே சரி. ஆபீசிலும் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

புது மெஷின் வாங்கவில்லை. வாங்கினாலும் உன் ஊர் பாயின் கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும். உன் பெயரில் இனி எப்போதாவது உள்ளே போனால், ஊருக்கு ஏதாவது தேவை என்றால் மட்டும்தான் போவேன். உன் சட்டையை மாற்ற மாட்டேன், வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டேன். அவன் அடுத்து எதை விட்டாலும் உன் கட்சியை முதலில் நானே பேசிப் பார்ப்பேன். முழுசாகப் பேசுவேன், உன் குரலிலேயே பேசுவேன். அதற்கப்புறம்தான் என் கட்சி. இது சத்தியம்.

இன்னும் உன்னோடு ஒத்துப்போகாத,
உன் ஊரில் குடியிருக்கும் மகள்
மலர்