விமானத்தில் ஓர் இடம்

பாம்பெர்க்,
4 அக்டோபர் 1948

அன்புள்ள ஓட்டிலி,

உருளைக்கிழங்கு மாவாவது கிடைக்கிறதா? ரஷ்யர்கள் சாலையையும் ரயிலையும் அடைத்துவிட்ட ஊரில் நீ இருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிமர்லிங் நிறுவனத்தின் தலைமையகம் இனி இங்கேதான் என்று முடிவாகிவிட்டது. உன் பெர்லின் மோட்டார் பட்டறையை ஆண்டு முடிவில் மூடுகிறார்கள். உனக்கு விமானத்தில் ஓர் இடம் வாங்கிவிட்டேன். மோட்டார் வரைபடங்களோடு வந்துவிடு. இரண்டு அறை வீடு, நல்ல கணப்பு.

உன்
போல்க்மார்

பெர்லின்,
19 அக்டோபர்

அன்புள்ள போல்க்மார்,

மாவு கிடைக்கிறது. ருசியைக் கேட்காதே.

டிமர்லிங் தன் முதல் டைனமோவைச் சுழற்றியது இந்தக் கூடத்தில்தான். போர் முடிந்ததும் ரஷ்யர்கள் இயந்திரங்களைக் கழற்றிப்போனார்கள். சிப்பாய்களின் இரும்புத் தொப்பிகளை வாணலியாக அடித்து விற்றுத்தான் மறுபடி மோட்டாருக்கு வந்தோம். அப்போது தலைமையகம் எங்கே இருந்தது?

இப்போது மின்சாரம் ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம்தான். கம்பிச் சுருளில் பூசிய வார்னிஷ் அடுப்புச் சூட்டில் இறுக அது போதாது. குண்டு விழுந்த வீடுகளின் செங்கற்களை அந்த மின் அடுப்புக்குள் அடுக்கினோம். கரண்ட் போன பிறகும் சூடு நிற்கிறது.

"இன்ஜினியரம்மா, இந்தச் செங்கல்லுக்கு இருக்கற ரோஷம்கூட பாம்பெர்க்ல போய் உக்காந்தவங்களுக்கு இல்லியே!" என்றாள் சுருள் சுற்றும் எடெல்கார்ட்.

"அங்க உக்காந்திருக்கறது என் புருஷன்டி."

"அதான் சொல்றேன்" என்றாள்.

செம்புக் கம்பி அனுப்பு.

ஓட்டிலி

பாம்பெர்க்,
6 நவம்பர்

அன்புள்ள ஓட்டிலி,

கம்பிக்கு இயக்குநர்கள் சம்மதிக்கவில்லை. "இருட்டுல பொம்பளைங்க சுத்தின மோட்டார எவன் வாங்குவான்?" என்று சிரித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன பயன்?

விமானம் 24ஆம் தேதி. பிராங்க்பர்ட்டில் காத்திருப்பேன். பிடிவாதத்தை விடு.

உன்
போல்க்மார்

பெர்லின்,
15 நவம்பர்

போல்க்மார்,

நீ ஒன்றும் சொல்லவில்லை என்ற வரியில்தான் வெகுநேரம் நின்றேன்.

எரிந்துபோன பழைய மோட்டார்களைப் பிரித்து, கெடாத கம்பியைத் தேர்ந்தெடுத்துச் சுற்றினோம். மூன்று தேறின. சரக்கு ஏற்றும் அதிகாரியிடம் பேசினேன். என் எடையும் அந்த மூன்றையும் அடைத்த பெட்டியின் எடையும் அவருக்கு ஒன்றுதானாம். என் இடத்தில் அவை வருகின்றன.

24ஆம் தேதி நீ விமான நிலையத்துக்குப் போ. தள்ளுவண்டியோடு போ. மூன்றையும் இயக்குநர்கள் முன்னால் முழுச் சுமையில் நாள் முழுக்க ஓட்டு. ஒன்று நின்றாலும் பட்டறைக் கதவை நானே பூட்டுகிறேன். ஓடினால் கம்பி வேண்டும். அதை அவர்களிடம் நீ வாய் திறந்து கேட்க வேண்டும்.

வீட்டில் ஓர் அறையை யாருக்காவது விட்டுவிடு. அங்கே குளிரில் இடமில்லாமல் நிற்பவர்கள் இருப்பார்கள்.

ஓட்டிலி
பட்டறைப் பொறுப்பாளர், பெர்லின்