டேங்க் ஏன் காலியாகிறது

என்னங்க,

பிளம்பர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். டேங்கில் ஓட்டை இல்லை. நீங்கள் கத்தும்போதெல்லாம் நான்தான் பாத்ரூமுக்குள் போய், அழுவது வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்த்துப் பேசாமல் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது அதனால்தான்.

சாயங்காலம் பெரியவன் வருகிறான். நான்தான் கூப்பிட்டேன். உங்களிடம் நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆஸ்பத்திரி லாண்டரியில் லீவு கிடையாது என்றுவிட்டார்கள். நான் வர இருட்டிவிடும். அதுவரை நீங்கள் இரண்டு பேரும் தனியாக.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், அவனுக்கும் சேர்த்து. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. உங்கள் கடை வேண்டாம், லாரி ஓட்டுகிறேன் என்று சொல்ல வந்தவனை நீங்கள் அப்படிக் கேட்டதால்தான் செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனான். அன்றிலிருந்து அவன் பெயரையே சொல்லக்கூடாது என்கிறீர்கள். இன்னொரு தடவை போனால் திரும்ப வரமாட்டான்.

செருப்பு ஸ்டாண்டிலேயே இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. கோபம் தலைக்கேறினால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்காருங்கள். டேங்க் காலியானால் ஆகட்டும். சாமி பெயர் வாயில் வராவிட்டால், அவன் பெயரைச் சொல்லுங்கள்.