கமராவுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது

இஞ்சாருங்கோ,

இன்று பின்னேரம் எங்கள் மாடி முழுக்கச் சோயாக்கட்டி பொரிக்கும் வாசம். பக்கத்து வீட்டு லீனா வந்து கதவைத் தட்டினாள். நான் சங்கிலியைக் கழற்றாமல் "ஆரது?" என்று கேட்டேன். அவள் குரல் கேட்ட பிறகும் இன்னொரு தரம் கேட்டேன். "நீயும் உன் புருஷனைப் போலவே ஆகிவிட்டாய்" என்று வெளியில் நின்று சிரித்தாள். அவளுக்குக் கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டதாம். முதல் தட்டு உங்களுக்காம். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. தட்டை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தேன். இருந்திருந்தால் அதையும் மணந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்திருப்பீர்கள்.

உங்களோடு குடும்பம் நடத்தியது லேசான காரியமா? போன் அடித்தால் "முதல் நீர் ஆரெண்டு சொல்லும்" என்பீர்கள். தமிழ்க் கடையில் யாராவது "அண்ணை எந்த ஊர்?" என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வீர்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனாலும் காரணம் தெரியும். ஊரில் இராணுவச் சுற்றிவளைப்பில் பிடித்து உங்களை வரிசையில் விட்டபோது, ஆளைக் காட்டிக்கொடுக்கத் தலையைச் சாக்கால் மூடி ஆமி கொண்டுவந்து இருத்திய ஒருவன் உங்களைப் பார்த்துத் தலையாட்டினான். அந்த ஒரு ஆட்டலுக்காக எத்தனை மாதம் உள்ளே கிடந்தீர்கள். சாக்குக்குள் இருந்தது யாரென்று கடைசிவரை தெரியாது. "அவனும் கனடாவுக்கு வந்திருப்பான். எனக்குப் பக்கத்தில நிண்டு கத்தரிக்காய் தெரிஞ்செடுப்பான்" என்பீர்கள்.

லீனா இந்தோனேசியாக்காரி. அவளுடைய அண்ணனை ஆமி கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை. அடுத்தது அவள்தான் என்று ஓடிவந்து, இங்கே அகதி வழக்கின் விசாரணைக்காகக் காத்திருந்தாள். தொண்ணூற்றெட்டு மே மாதம் அவளுடைய நாட்டில் மாணவர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து கூரையில் ஏறி நின்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அசையாமல் இருந்த ஜனாதிபதி பதவி விலகினார். நாங்கள் எல்லோரும் ரீவிக்கு முன்னால் இருந்து கை தட்டினோம். நீங்கள் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு கேட்டீர்கள்: "உவங்களை உள்ள விட்டது ஆர்? வாசல்ல நிண்ட ஆமி ஏன் சுடேல்ல?"

"சனம் வெண்டிட்டுது, அதையாவது நம்புங்கோவன்" என்றேன்.

"சனம் வெண்டது சரி. போறவர் தனக்குக் கீழ இருந்த ஆளையெல்லோ கதிரையில இருத்திப்போட்டுப் போறார். அவளின்ர தமையனைக் கொண்டுபோனவங்கள் இன்னும் ஆமிச் சட்டையைக் கழட்டேல்ல."

அந்தச் சனிக்கிழமை லீனா கட்டடத்தின் கீழே மண்டபத்தில் சமைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். கமராவோடு ஒரு செய்திக்காரன் வந்தான். வெள்ளைச் சட்டையும் நல்ல சிரிப்புமாக இருந்தான். அவன் ஒலிவாங்கியை நீட்ட, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி எனக்குப் பயமே..." என்று தொடங்கினாள். நீங்கள் பின்னாலிருந்து உங்கள் இங்கிலீசில் "லீனா! கிச்சன் ஃபயர்!" என்று கத்தினீர்கள். மண்டபமே படிகளில் விழுந்தடித்து ஓடியது. அடுப்பில் நெருப்புமில்லை, புகையுமில்லை. திரும்பி வந்தபோது செய்திக்காரன் போய்விட்டான். அவள் நிலத்தில் குந்தி அழுதாள். வெட்கத்தில் என் தலை நிமிரவில்லை.

"ஒரு நாளைக்கு, ஒரேயொரு நாளைக்கு, ஒரு பெட்டை சந்தோசமா இருக்க உங்களுக்குப் பொறுக்கேல்லையோ?" என்று வீட்டுக்கு வந்து உங்களைக் கிழித்தேன்.

நீங்கள் சப்பாத்தைக் கழற்றியபடி, "வழக்கு முடியாத ஆக்கள் வீட்டுக்குள்ளதான் சிரிக்க வேணும். கமராவுக்கு முன்னால சிரிக்கக் கூடாது. பயமில்லையெண்டு ரீவியில சொன்னால், அப்ப ஊருக்குப் போ எண்டுவாங்கள்" என்றீர்கள். அவன் செய்திக்காரன்தானா என்றும் உங்களுக்குச் சந்தேகம். அது அளவுக்கு மிஞ்சிய கதை.

விசாரணையில் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "உங்கள் ஜனாதிபதிதான் போய்விட்டாரே, இன்னும் யாருக்குப் பயப்படுகிறீர்கள்?" அண்ணனைக் கொண்டுபோனவர்களுக்கு என்று அவள் சொன்னாள். ஏற்றுக்கொண்டார்கள். அந்த மண்டபத்துப் பேச்சு ரீவியில் போயிருந்தால் வழக்குத் தோற்றிருக்கும் என்று வக்கீல் அவளிடம் சொன்னாராம். அவள் ஓடிவந்து உங்கள் காலைத் தொட்டாள். நீங்கள் காலை இழுத்துக்கொண்டீர்கள்.

அதே மூளைதான் உங்களைத் தின்றது. எங்கள் நிரந்தர வதிவிடத்துக்கான மருத்துவப் பரிசோதனையில், நெஞ்சில் நோ ஏதும் உண்டா என்று டொக்டர் கேட்க, "ஒண்டுமில்லை" என்றீர்களாம். பக்ரறியில் வேலைக்கு நடுவே பெட்டிகளுக்கு மேல் இருந்து மூச்சு வாங்குவீர்களாம். சேர்ந்து வேலை செய்தவர் செத்தவீட்டில் வைத்துத்தான் எனக்குச் சொன்னார். "நெஞ்சு வருத்தமெண்டு எழுதினால் ஃபைலை மூடிப்போடுவாங்கள், என்ர மனிசிக்கும் சொல்லிப்போடாதை" என்று அவரிடம் சத்தியம் வாங்கினீர்களாம். ஏற்றுக்கொண்ட அகதியை நெஞ்சு நோவுக்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று பிறகு வக்கீல் சொன்னார். யாரிடமும் கேட்காமல் நீங்களே போட்ட சட்டம் அது. பாவி மனிசா, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. நான் என்ன தலையில் சாக்குப் போட்டுக்கொண்டா உங்களுக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன்?

லீனா இப்போதுதான் போகிறாள். அடுத்த வருடம் தாயைப் பார்க்க ஊருக்குப் போவாளாம். தட்டில் இருந்ததை நான்தான் சாப்பிட்டேன். உறைப்புக் காணாது.

அந்த ஜனாதிபதி கடதாசியைப் பார்த்து வாசித்துப் பதவி விலகியதை ரீவியில் காட்டியபோது, லீனாவுக்கு முன்னாலேயே என் கையைப் பிடித்து நெரித்தீர்கள். உங்கள் முகமெல்லாம் வியர்வை. ஆட்கள் பார்க்க என் கையைப் பிடிக்கிற மனிசனில்லை நீங்கள். வாய்தான் நம்பவில்லை, உள்ளுக்குள் சந்தோசப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். நீங்கள் போன பிறகும் அந்த ஒன்றைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது அது சந்தோசம்தானா, நோவா என்று சந்தேகமாக இருக்கிறது.